சைட்டில வாய்ச்சொல்லா, வட்ஸ்அப்பா, கொப்பியா: எது உத்தரவு?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கட்டட வேலை பாக்கிற ஆக்களிட்ட ஒரு கேள்வி. ரெண்டு மாடி, மூண்டு மாடி வேலைகளுக்கு இஞ்சினியர் கிழமையில ஒருக்கா, மிஞ்சினா ரெண்டு தரம் வருவார். மற்ற நேரமெல்லாம் கோல், வொய்ஸ், வட்ஸ்அப் குறூப். "கதவ ஒரு அடி தள்ளுங்க", "அந்த பீமுக்குக் கம்பி கூட்டுங்க" எண்டு வாயால வாற மாற்றத்த சைட் கொப்பியில எழுதி எடுக்கணுமா, குறூப்பில கிடந்தாப் போதுமா? பில் போடுற நேரந்தான் இது சண்டையாகுது.

கியூஎஸ்_நானா:
எழுத்து வேணும், இதில ரெண்டாம் பேச்சில்ல. ஃபிடிக் எண்டது உலக இஞ்சினியர் சம்மேளனம் போட்ட மாதிரிக் கட்டட ஒப்பந்தம், அதின்ர 1999 சிவப்புப் புத்தகத்தில 3.3ஆம் வாசகத்த எடுத்துப் பாருங்க. இஞ்சினியர் வாயால சொன்னா, சொல்லி ரெண்டு வேலைநாளுக்குள்ள கொந்தராத்துக்காரர் "நீங்க இப்படிச் சொன்னீங்க" எண்டு எழுதிக் குடுக்கணும். அது கிடைச்சு ரெண்டு வேலைநாளுக்குள்ள அவர் எழுத்தில மறுக்கல்லயெண்டா, அந்தக் கடிதமே அவர்ர எழுத்து உத்தரவு ஆகிடும். கொந்தராத்துக்காரருக்கு இதவிட வசதியான வாசகம் வேற இல்ல. ஆனா பாவிக்கிற ஆள் குறைவு. 2017 பதிப்பில இலக்கமும் வாசகமும் வேற, அதால உங்கட ஒப்பந்தம் எந்தப் பதிப்பெண்டு முதல்ல பாத்துக்கொள்ளுங்க.

மண்முனை_மேசன்:
நானா, சட்டம் சரி. காலம்பற 6 மணிக்கு மிக்சர் ஓடத் தொடங்கினாப் பிறகு கொப்பியத் தேடி ஆர் போற? அதோட, கொப்பியில இங்கிலீசில ரெண்டு வரி கிறுக்கிட்டுப் போனா அத வாசிக்கிறது ஆர்? கம்பி கட்டுறவனா? அவன் வொய்ஸக் கேப்பான், ஃபோட்டோவில சோக்கால கீறின கோட்டப் பாப்பான். வேலை பிழைக்காம நடக்கிறதுக்குத்தான் உத்தரவு. பில்லுக்கு எண்டு எழுதுற எழுத்து வேற சங்கதி.

வாவிக்கரை_சிவில்:
வொய்ஸாலதான் வேலையே பிழைக்குது, அண்ணன். "பன்னெண்டு கம்பி போடுங்க" எண்டா என்ன? 12 மிமீ கம்பியா, 12 எண்ணமா? சொல்லுறவர் தடிப்ப நினைச்சுச் சொல்லுவார், கேக்கிறவர் எண்ணிப் போடுவார். பழைய ஆக்கள் "நாலு நூல் கம்பி" (அரை இஞ்சிக் கம்பி) எண்டு சொல்லுறதில இந்தக் குழப்பம் வராது, புது ஆக்களுக்குத்தான் அந்தச் சொல் தெரியாது.

"பத்தடி அறை"யும் அப்படித்தான். பூச்சுக்குப் பூச்சு பத்தடியா, சுவர் நடுவுக்கு நடுவா? 9 இஞ்சிச் சுவரெண்டா அங்கயே முக்கால் அடி போகுது.

கொங்கிறீட் தட்டுக்கு 12 மிமீ கம்பி 150 மிமீ இடைவெளியில எண்டா, ஒரு மீற்றர் அகலத்துக்கு 754 சதுர மிமீ இரும்பு வரும். ஃபோன் இரைச்சலில 150 போய் 200 எண்டு கேட்டா 565தான். கால்வாசி இரும்பு காணாமப் போச்சு. கொங்கிறீட் போட்டு மூடினாப் பிறகு அத ஆர் காணுற?

இன்னும் மோசமானது பல்கனி. 125 மிமீ தட்டு வெளிய நீட்டிக்கொண்டு நிக்குது, 25 மிமீ கவர் (கம்பிய மூடுற கொங்கிறீட்), 10 மிமீ கம்பி. கம்பி மேல்பக்கம் நிண்டா வேலை செய்யிற ஆழம், அதாவது தட்டின்ர அடியில இருந்து கம்பி நடு வரைக்கும், 95 மிமீ. "கம்பிய மேல போடுங்க" எண்டு மட்டும் சொல்லிட்டுப் போனா மேலதான் போடுவாங்க. ஆனா செயார் கம்பி (மேல் கம்பியத் தாங்கிப் பிடிக்கிற வளைச்ச கம்பி) வைக்கச் சொல்லல்ல. கொங்கிறீட் கொட்டுறவங்க மிதிச்சு 25 மிமீ இறங்கினா ஆழம் 70, பல்கனிர பலமும் அதோட போச்சு. உத்தரவில "மேல" எண்டு எழுதினாப் போதாது, "மேல நிக்கிறதுக்கு என்ன வைக்கிற, எத்தினை அடிக்கு ஒண்டு" எண்டும் வேணும்.

மண்முனை_மேசன்:
அப்ப பிழை வாயில, வட்ஸ்அப்பில இல்ல. வொய்ஸ நிப்பாட்டுவம், டைப் பண்ணிப் போடுவம். கொப்பி மழையில நனையும், சீமெந்துத் தண்ணி படும், ஸ்ரோர்காரன் சிட்டை எழுதக் கிழிப்பான். குறூப்பில திகதியும் நேரமும் தானா விழுது. பிறகென்ன?

கியூஎஸ்_நானா:
விழுறது மெய்தான். ஆனா அனுப்பினத 15 நிமிசத்துக்குள்ள திருத்தலாம், ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் எல்லாருக்கும் அழிக்கலாம். ஆரோ ஒருவர் மறையும் செய்திய ஓன் பண்ணி விட்டிருந்தா, அதுக்குப் பிறகு அனுப்பினதெல்லாம் ஆகக் கூடினது 90 நாளில போயிடும். மூண்டாவது மாச பில் கேள்வி ஆறாவது மாசந்தான் வரும், யோசிங்க.

வட்ஸ்அப் செல்லாதெண்டு நான் சொல்லல்ல. 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவ ஏத்துக்கொள்ளுது. சிக்கல் ஒப்பந்தத்தில கிடக்கு. ஃபிடிக் 1.3இல, மின்னணு முறையில அனுப்புறதெண்டா எந்த முறையெண்டு பின்னிணைப்பில ஒத்துக்கொண்டிருக்கணும். அந்த இடம் வெறுமையாக் கிடந்தா, எதிர்ப்பக்கம் அதத்தான் முதல்ல பிடிக்கும். தொடக்கக் கடிதத்தில எழுதி ரெண்டு பக்கமும் ஒப்பம் வைங்க: எந்த ஃபோன் நம்பர்கள், ஆர் உத்தரவு தரலாம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குறூப்ப எக்ஸ்போட் பண்ணி அச்செடுத்து ஃபைல் பண்ணுறது ஆர்.

சம்மாந்துறை_ட்ராஃப்ட்:
நீங்க ரெண்டு பேரும் பிளான மறந்திட்டீங்க. குறூப்பில ஆகப் பெரிய ஆபத்து பழைய பிடிஎஃப்தான். திருத்தம் 1 ஒவ்வொருவர்ர ஃபோனிலயும் இறங்கிக் கிடக்கும். திருத்தம் 2ஐப் போட்டாலும் தேடுற ஆளுக்கு முதல்ல அம்புடுறது பழசு. நானா சொன்ன அந்த நாள் கடந்தாப் பிறகு அத எடுக்கவும் ஏலாது. அதால ஃபைல் பேரிலயே இலக்கமும் திருத்தமும் வரணும், "புதுசு", "கடைசி", "கடைசி2" எண்டெல்லாம் வேணாம். சைட்டில ஒட்டிக் கிடக்கிற பழைய தாளில சிவப்பால குறுக்குக் கோடு போட்டுக் கழட்டணும். பிளான ஃபோட்டோவா அனுப்பாதீங்க, வட்ஸ்அப் அமுக்கினாப் பிறகு 3உம் 8உம் ஒண்டு. டொகியூமெண்டா அனுப்புங்க.

பாஷை விசயத்தில மேசன் காக்கா சொல்லுறது சரி. ஒரே சைட்டில கம்பி கட்டுறவர் சிங்களம், மேசன் தமிழ், பிளான் இங்கிலீசு. வேலைக்குப் போற உத்தரவ வேலை செய்யிறவர்ர பாஷையில எழுதுங்க, இலக்கம் மிமீயில மட்டும் வரட்டும். கவர், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வாற பீம்), ஸ்டிரப் (நெடுங்கம்பியச் சுத்திக் கட்டுற வளையம்) போன்ற சொல்லுகளத் தமிழாக்கப் போகாதீங்க, எழுதினவருக்கே நாளைக்கு விளங்காது. கடிதமும் கிளெய்மும் (மேலதிக காசு, நாள் கேக்கிறது) ஒப்பந்தத்தில எழுதின பாஷையில போகட்டும்.

இன்னொண்டு, "விளங்கிச்சா?" எண்டு கேக்காதீங்க. அதுக்கு ஒரே மறுமொழி "ஓம் சேர்". "எந்தத் தூணில இருந்து எந்தத் தூண் வரைக்கும் கட்டப் போறீங்க, எத்தினை கம்பி?" எண்டு கேளுங்க. பிழை அங்கயே வெளிய வரும்.

மண்முனை_மேசன்:
எல்லாம் சரி தங்கச்சி. ஒப்பம் வைக்கிறது ஆர்? கொப்பிய நீட்டினா "பிறகு பாப்பம்" எண்டு வாகனத்தில ஏறுற சேர்மாரத்தான் முதல்ல திருத்தணும். ஒப்பம் வைச்சா அது மேலதிக வேலை, காசு கேப்பாங்க எண்டு பயம். கட்டாயப்படுத்தினா அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டாங்க.

கியூஎஸ்_நானா:
அதுக்குத்தான் 3.3. அவர்ர ஒப்பம் தேவையில்ல, அவர்ர மௌனம் போதும். சண்டைக்கடிதமா எழுதாதீங்க, "உங்கட பிழையால" எண்ட சொல்லே வரக்கூடாது. இந்தளவு போதும்:

"இன்று காலை 10.15க்கு, முதலாம் மாடியில் பி3, பி4 தூண்களுக்கு இடையிலுள்ள கதவை பி4 பக்கமாக 300 மிமீ நகர்த்துமாறு சொன்னீர்கள். படம் ஏ05, திருத்தம் 2. கதவு உயரம் 2100 மிமீ என்பதால் ஒரு பக்கம் 0.63 சதுர மீற்றர் சுவர் உடைத்து, மறுபக்கம் அதேயளவு கட்டவேண்டும். லின்டலும் மாறும். வியாழன் காலை தொடங்குகிறோம். வேறு விதமாயின் அதற்கு முன் அறியத்தரவும்."

விலை பற்றி ஒரு சொல் இல்ல. ஆனா அளவு கிடக்கு, நாளைக்கு விலை அதிலதான் நிக்கும்.

உன்னிச்சைக்குளம்:
மழைக்கும் இப்படி எழுதலாமா? ஐப்பசி, கார்த்திகையில வேலை நிண்டா நாள் கூட்டிக் கேக்கிறது?

கியூஎஸ்_நானா:
எழுதலாம், ஆனா வாடைமழை எங்களுக்கு எல்லா வருசமும் வாறது. ஒப்பந்தம் கேக்கிறது வழக்கத்துக்கு மிஞ்சின மோசமான காலநிலை. முந்தின வருசங்கள்ர மழையளவோட ஒப்பிட்டுக் காட்டணும், எந்த நாள் எந்த வேலை நிண்டதெண்டு நாட்குறிப்பும் வேணும். அறிவித்தல் 28 நாளுக்குள்ள போகணும், விட்டா 20.1இல உரிமையே போயிடும்.

வாவிக்கரை_சிவில்:
இதெல்லாம் ஃபிடிக் வேலைக்கு. வீட்டுக்காரர் கட்டாரில, மச்சான் ஆரையம்பதியில, மேசன் சைட்டில எண்ட வேலைக்கு என்ன செய்யிற? மூண்டு பேரும் மூண்டு கதை சொல்லுவாங்க.

சம்மாந்துறை_ட்ராஃப்ட்:
ஒரு பக்க ஒப்பந்தமெண்டாலும் அதில "மாற்றம் சொல்லுறவர் இன்னார் ஒருவர் மட்டும்" எண்டு எழுதுங்க. வீட்டுக்காரர் வீடியோ கோலில சொன்னாலும் அந்த ஒருவர் டைப் பண்ணிப் போட்டாப் பிறகுதான் மேசன் கை வைக்கணும்.

மண்முனை_மேசன்:
வீட்டுக்காரர் லைனில நிக்கக்குள்ள "மச்சான் டைப் பண்ணட்டும்" எண்டு சொல்லிப் பாருங்க, பிறகு தெரியும். ஆனா ஒருவர் எண்டது நல்லம். அத நான் ஏத்துக்கொள்ளுறன்.

கல்லடிப்பாலம்:
எல்லாரும் சொன்னத வச்சு ஒரு படிவம் போட்டிருக்கன், ரெண்டு பிரதி, நடுவில காபன்: இடம், படம் இலக்கம், திருத்தம், என்ன மாற்றம், அளவு, சொன்னவர், சொன்ன நேரம், தொடங்கிற நாள். ஃபோட்டோ எடுத்துக் குறூப்பிலயும் போடுறது. பிழையிருந்தா சொல்லுங்க.

கியூஎஸ்_நானா:
இஞ்சினியர் கையில கிடைச்ச நேரம் எங்க? ரெண்டு வேலைநாள எங்க இருந்து எண்ணப்போறீங்க, தம்பி?