ஈரம் தெரியும் இடத்தில் தோண்டினால் பைப் நன்றாக இருக்கிறது, ஒழுகுவது எங்கே?

பொள்ளாச்சி தோப்பு:
வணக்கம். மூன்று ஏக்கர் தென்னை, சொட்டுநீர்ப் பாசனம். மோட்டாரிலிருந்து வரும் 63 மி.மீ. பிவிசி பைப் இரண்டடி ஆழத்தில் போகிறது. நாலு நாளாகக் கடைசி இரண்டு வரிசைக்குத் தண்ணீர் சேரவில்லை. வடகோடியில் மண் சொதசொதவென்று இருந்ததால் அங்கே நாலடி நீளம் தோண்டினேன். பைப்பில் ஒரு கீறல்கூட இல்லை. போன வாரம் தோப்புக்குள் பொக்லைன் வந்து போனது. இந்த வெயிலில் தண்ணீர் கிடைக்காவிட்டால் குரும்பை கொட்டிவிடும், உதவுங்கள்.

ஈரோடு பிளம்பர்:
ஈரம் தெரியும் இடத்தில்தான் உடைப்பு இருக்கும் என்றில்லை தம்பி. பைப் பதிக்கத் தோண்டி மூடிய மண் பெரும்பாலும் பக்கத்து மண்ணைவிடப் பொலபொலவென்றுதான் இருக்கும். ஒழுகும் தண்ணீர் அதற்குள்ளேயே பைப்பை ஒட்டிச் சரிவில் இறங்கி, பள்ளத்தில்தான் மேலே வரும். அதனால் மேட்டுப்பக்கம் தேடுங்கள். பொக்லைன் பைப்பைத் தாண்டிய இடம் எது? முதலில் அங்கே தோண்டுங்கள். பைப்பை நெருங்கியதும் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளுங்கள்.

பொள்ளாச்சி தோப்பு:
அண்ணா, சொன்ன மாதிரியே இருந்தது! பதினைந்தடி மேலே, வண்டி திரும்பிய இடத்தில் அரையடி நீளத்துக்கு விரிசல். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினேன், மோட்டார் போட்டதும் பீய்ச்சுகிறது. வெட்டிவிட்டுப் புதுத் துண்டு போடலாம் என்றால் இரண்டு முனையும் மண்ணுக்குள் இறுகிக் கிடக்கிறது. நகர்த்தவே முடியாதபோது, இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளிங்கை எப்படி மாட்டுவது? பைப்பைச் சூடு காட்டி விரித்துச் சொருகச் சொல்கிறார்கள்.

ஈரோடு பிளம்பர்:
சூடு காட்ட வேண்டாம். விரித்த இடத்தில் பைப் மெலிந்துபோகும், அழுத்தம் ஏறும்போது அங்கேதான் அடுத்த உடைப்பு. கடையில் நடுவில் தடுப்பு இல்லாத ரிப்பேர் கப்ளிங் இரண்டு கேளுங்கள். அது பைப்மேல் முழுவதும் ஏறிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் விரிசலோடு நிறுத்தாமல், இரண்டு பக்கமும் நாலு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். மயிரிழைக் கீறல் அதற்கு அப்பாலும் ஓடியிருக்கும். புதுத் துண்டு அந்த இடைவெளிக்குச் சரியாக இருக்கட்டும்.  இரண்டு முனையிலும், ரிப்பேர் கப்ளிங்கை முன்பே பழைய பைப்மேல் ஏற்றி வைத்து, அது வந்து நிற்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) தடவியதும் ஒரே இழுப்பில் குறிவரை கொண்டு வாருங்கள். தயங்கினால் பாதியிலேயே பிடித்துக்கொள்ளும்.

கோபி விவசாயி:
ஒட்டும் இடத்தில் துளி ஈரமும் ஆகாது. மோட்டாரை நிறுத்தினாலும் மேட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்குமுங்க. பைப்புக்கு அடியில் இன்னும் அரையடி ஆழம் எடுத்துவிட்டால் அங்கே தேங்கிக்கொள்ளும், இணைப்பைத் தொடாது. அப்புறம், ஒட்டியதும் ஒரு நாள் விடுங்கள். முதல் முறை தண்ணீர் விடும்போது பைப்புகளின் கடைசி முனையில் இருக்கும் மூடிகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்துபோய், உள்ளே போன மண், தண்ணீர் சொட்டும் டிரிப்பர்களை எல்லாம் அடைத்துவிட்டது.

பொள்ளாச்சி தோப்பு:
நேற்றுச் சாயங்காலம் ஒட்டினேன், இன்று சாயங்காலம் மோட்டார் போட்டேன். மூடி வழியாகப் பத்து நிமிடம் செம்மண்ணாக வந்து, பிறகு தெளிந்தது. இணைப்பில் கசிவில்லை. கடைசி வரிசை மரத்தடியில் ஈரத்தைப் பார்த்தபிறகுதான் மனசு ஆறியது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. குழியை இன்னும் மூடவில்லை. காலையில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கல் பொறுக்கிய மண்ணாகப் போட்டு மூடுகிறேன்.