குட்டி நாயும் ஆறு வயதுப் பிள்ளையும்: எப்ப கொண்டுவாறது, எப்படிப் பழக்கிறது?

கல்லடிப் பாலம்:
மகளுக்கு 6 வயது. 'வாலைக் குழைத்துவரும் நாய்தான்' எண்டு பாரதியைப் பாடிப் பாடி ஒரு குட்டி கேக்கிறா. செங்கலடியில தெரிஞ்ச ஆக்களிட்ட ஐந்து கிழமைக் குட்டி ஒண்டு நிக்குது. இப்பவே கொண்டுவந்தாத்தான் பிள்ளையோட ஒட்டும் எண்டு சொல்றாங்க. சரியா? பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுக்கவேணும்?

வாகரையான்:
ஐந்து கிழமை காணாது தம்பி. எட்டுக் கிழமை மட்டும் தாயோடயும் மற்றக் குட்டிகளோடயும் விடுங்க. விளையாட்டில ஒண்டு பலமாக் கடிச்சா மற்றது கத்திப்போட்டு விலகிரும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் எண்டதை அது அங்கதான் படிக்கும். முந்திப் பிரிச்ச குட்டி உங்கட மகள்ட கையிலதான் படிக்கும்.

ஒட்டுறதுக்கு வேற வழி இருக்கு. ஏறக்குறைய 3 தொடக்கம் 14 கிழமை மட்டும் குட்டி எதையும் பயமில்லாமல் ஏற்கிற காலம். இப்ப மகளைக் கூட்டிப் போய் நிலத்தில இருத்துங்க, குட்டி தானா வரட்டும்.

பார்வோ (குட்டிகளைக் கொல்லக்கூடிய வயிற்றோட்ட வைரஸ்) ஊசி 6–8 கிழமையில தொடங்கி, 3–4 கிழமைக்கு ஒருக்கா, 16 கிழமை மட்டும். அது முடியும்வரை தெரு நாய் திரியிற மண்ணில இறக்காதீங்க, அந்தக் கிருமி மண்ணில மாதக்கணக்கா நிக்கும். ஆனால் வீட்டுக்குள்ள பூட்டியும் வைக்காதீங்க. தூக்கிக்கொண்டு போய் ஓட்டோ, சைக்கிள், பறைச் சத்தம் எல்லாம் காட்டுங்க. விசர்நாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில. வயிற்றுப் பூச்சிக்குக் குடுக்கிற மருந்து 12 கிழமை மட்டும் இரண்டு கிழமைக்கு ஒருக்கா, ஏனெண்டால் வட்டப்புழு முட்டை மண்ணில விளையாடுற பிள்ளைகளுக்கும் ஆபத்து.

அக்கரைப்பற்று வாசகி:
பாட்டை நிப்பாட்ட வேணாம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலால பாண்டவர் கதை நம்மட பிள்ளைகளுக்குப் பழக்கம். நாயை விட்டுட்டு வா எண்டு இந்திரன் சொல்லியும், நம்பி வந்ததைக் கைவிடமாட்டேன் எண்டு தருமர் சுவர்க்கத்தையே மறுத்த இடத்தை மகளுக்குச் சொல்லுங்க. வளர்க்கிறவருக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

நாலடியார் மட்டும் கவனம். 'எறிந்தவேல் மெய்யதா வால்குழைக்கும் நாய்' எண்டது, எறிஞ்ச வேல் உடம்பில நிக்கேக்கயும் நாய் வால் ஆட்டும் எண்டு அதின்ட நன்றியைச் சொல்ற அருமையான அடி. ஆனால் நொந்த நாய் சொந்தக்காரரையும் கடிக்கும். வால் ஆடுறதெல்லாம் சந்தோசமும் இல்லை. உடம்பு முழுக்க நெளிஞ்சு ஆடினாத்தான் நல்லம். உடம்பு விறைச்சு, வால் உயர்ந்து வெடுக்கு வெடுக்கெண்டு ஆடினா விலகவேணும்.

கட்டிப்பிடிக்கிறது நமக்கு அன்பு, நாய்க்கு நெருக்கடி. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கண் வெள்ளை தெரியப் பார்க்கும், பிறகுதான் உறுமும். உறுமினதுக்கு அடிச்சுப்போடாதீங்க. அடி வாங்கின நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். திங்கேக்க, படுத்திருக்கேக்க தொடக்கூடாது. பெரிய ஆள் பக்கத்தில இல்லாமல் இரண்டையும் தனிய விடவும் கூடாது.

கல்லடிப் பாலம்:
நன்றி. சோறும் மீன் கறியும் குடுக்கலாமா?

வாகரையான்:
கறி வேணாம், வெங்காயம் நாய்ட சிவப்பு இரத்தக் கலங்களை உடைக்கும். கறிக்குப் போடமுந்தி மீனை அவிச்சு, முள் எடுத்து, சோற்றில பிசையுங்க. சோறு மட்டும் குடுத்தா வளர்ச்சி குறையும். குட்டிக்கு ஒரு நாளைக்கு 3–4 தரம். அவிச்ச கோழி எலும்பும் சொக்லேட்டும் கூடவே கூடாது.

பல் பட்டு இரத்தம் வந்தா, ஊசி போட்ட குட்டியெண்டாலும், ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டு 15 நிமிசம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். குட்டியை அனுப்பிப்போடுவாங்க எண்ட பயத்தில பிள்ளைகள் கடியை மறைக்கும். அனுப்பமாட்டோம் எண்டு மகளிட்ட முதலே சொல்லி வையுங்க.