கலைச்சொல்: மிட்டாயில் 'கிரெய்னிங்', தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

போலந்தின் பால் மிட்டாயான க்ரூஃப்காவின் செய்முறையைத் தமிழில் எழுதப் போனால் ஒரு சொல் இல்லாமல் நின்றுவிடுகிறது. 'சின்னப் பசு' என்று பொருள்படும் பெயர். வார்சாவுக்கு அருகே மிலானுவெக் ஊர் இதற்குப் பேர்போனது. நல்ல க்ரூஃப்காவை ஒடித்தால் தோல் பொருபொருவென்று உதிரும், நடுவில் பாகு இழுபடும். தோலில் மட்டும் சீனி நுண்மணிகளாகப் பிரிந்திருப்பதே காரணம். தொழிலில் இதை 'கிரெய்னிங்' என்கிறார்கள். அகராதிப்படி 'படிகமாதல்' போதுமா?

—

> அகராதிப்படி 'படிகமாதல்' போதுமா?

போதாது ஐயா. கற்கண்டில் படிகம் பெரிதாக வளர வேண்டும். இங்கே நாக்குக்குத் தட்டுப்படாத அளவிலேயே நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் செய்பவருக்கு எதைத் தடுப்பது, எதை வரவழைப்பது என்றே விளங்காது. சுவரில் உப்புப் பூக்கிறது என்கிறோமே, அப்படி 'சீனி பூத்தல்' என்று வைக்கலாம். செய்முறைக்குள் போட்டுப் பார்க்கிறேன்:

புளிக்காத க்ரீம் (30% கொழுப்பு) 500 மி.லி., சீனி 400 கிராம், வெண்ணெய் 50 கிராம், தேன் 2 மேசைக்கரண்டி. நன்றாகப் பொங்கும், ஆகவே உயரமான அடிகனமான பாத்திரம். சீனி முழுக்கக் கரைந்த பிறகே கொதி வரட்டும். பக்கத்தில் ஒட்டிய சீனியை நனைத்த தூரிகையால் வழித்துவிடவும். ஒரு துளி உள்ளே விழுந்தாலும் அதுவே விதையாகி, பாகு அகாலத்தில் பூத்துவிடும். சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் 116 டிகிரி செல்சியஸ் வரும். வெப்பமானி இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு: விரலில் மெத்தென்று உருண்டால் சரி. 112-இல் இறக்கினால் துண்டு நிற்காது. 120 தாண்டினால் பல்லைப் பிடிக்கும்.

வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் ஊற்றும்போது பாத்திரத்தின் அடியைச் சுரண்டக் கூடாது. இளஞ்சூட்டில் வெட்டித் தாளில் சுற்றவும். முதல் சில நாள் முழுக்க இழுவைதான். பிறகு தோல் பூக்கும், நாளாக ஆக உள்ளேயும் பூத்துக்கொண்டே போகும். போலந்தில் இரு நிலைக்கும் தனிப்பெயர் உண்டு: இழுபடுவது சொங்குட்கா, உதிர்வது க்ரூஹா.

தேனைக் கூட்டினால் பூப்பது தள்ளிப்போகும். அதிலுள்ள குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சீனி மணிகள் சேரவிடாது. ஜாமூன் பாகுக்குப் போல எலுமிச்சை பிழிந்துவிடாதீர்கள், பால் திரிந்துவிடும்.

—

செய்முறை அருமை. சொல்தான் இடிக்கிறது. ஈரம் பட்ட சாக்லேட்டின் மேல் வெண்படலம் படிவதை 'சுகர் ப்ளூம்' என்பார்கள். 'சீனி பூத்தல்' அதற்கே நேராகப் பொருந்தும். அது குற்றம், இது குணம். மைசூர்பாகு 'பூத்து வருவது' வேறு இருக்கிறது.

கதிர் மணி பிடிக்கிறது என்பார்களே, 'மணிபிடித்தல்' எப்படி? உதிரி வகை உடனே வேண்டுமென்றால் பாகை 60 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டி பொடித்த சீனி தூவி, பளபளப்பு மங்கும் வரை அடிக்க வேண்டும். அந்த மங்கல்தான் மணிபிடித்ததற்கு அடையாளம். கொதிசூட்டிலேயே அடித்தால் விதைகள் சிலவே தோன்றி, ஒவ்வொன்றும் பருத்து, வாயில் மணலாக நறநறக்கும். அதைப் 'பெருமணி' என்றுவிடலாம்.

இன்னொன்று, 'கேரமல்' என்பதை 'எரிசர்க்கரை' ஆக்கிவிட வேண்டாம். சீனி கருக ஏறத்தாழ 160 டிகிரி வேண்டும். 116-இல் வரும் பழுப்பு, பால் புரதமும் பாலிலும் தேனிலும் உள்ள சர்க்கரையும் வினைபுரிந்து தருவது.

—

மணிபிடித்தல், பெருமணி இரண்டும் எனக்குச் சம்மதம். வினையாகவும் ஓடுகிறது: 'தோல் மணிபிடித்துவிட்டது, நடு இன்னும் பிடிக்கவில்லை.' விதையாகத் தூவும் பொடிச்சீனிக்கு 'பிரைமணி' என்று வைக்கலாமா? தயிருக்குப் பிரை ஊற்றுவதுபோலத்தானே.