பழைய கோல்ட்விங்கின் பின் சொக்கில் காற்று நிற்கவில்லை: குளிரா, லீக்கா?

நானுஓயா_ரைடர்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1982ஆம் ஆண்டு ஹொண்டா கோல்ட்விங் ஜிஎல்1100 இருக்கிறது. பழைய ஸ்ரீ நம்பர், கம்ப்ரசர் இல்லாத சாதா மொடல். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பிரச்சினை பின் சொக்கில்தான், அதாவது பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும், காற்று அடைக்கிற ஷொக் அப்சோர்பரில். மாலையில் 35 பிஎஸ்ஐ அடித்து வைத்தால் விடியும்போது 22, 23தான் காட்டுகிறது. மனைவியையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ரம்பொடைப் பக்கம் இறங்கினால் பின்பக்கம் அமுங்கி, வளைவில் ஸ்டாண்ட் ரோட்டில் உரசுகிறது. ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு மேலே போகிறது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் கால் ஃபோர்க்கிலும் காற்றுத்தான், 15 வைக்கிறேன், அது மிக மெதுவாகத்தான் குறைகிறது.

டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். பாஸ் பார்த்துவிட்டு இரண்டு சொக்கும் முடிந்துவிட்டது, கழற்றிவிட்டு வேறு பைக்கின் ஸ்பிரிங் சொக் போடுவோம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நாற்பது வருஷப் பைக், அதை அது இருந்தபடியே ஓட்ட வேண்டும் என்று ஆசை. இன்னொருவர், நுவரெலியாக் குளிருக்குக் காற்று சுருங்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். நான் காற்று அடிப்பது சைக்கிள் பம்பால், பார்ப்பது டயர் கேஜால். எங்கிருந்து தொடங்குவது?

பதுளை_ரோட்:

பாஸ் சொல்வதுதான் சரி. ஸ்பிரிங் சொக் போட்டால் தலைவலி முடிந்தது. பார்ட்ஸ் கிடைக்காத பைக்கில் காற்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

ஸ்டோர்_பிட்டர்:

தம்பி, அவசரப்பட்டு எதையும் கழற்ற வேண்டாம். நான் கொட்டகலைப் பக்கம் தோட்டத்து ஸ்டோரில் பிட்டர் வேலை பார்க்கிறேன், காற்று லைனும் ஓ-ரிங்கும் (இணைப்பில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) தினமும் கையில் படும் சாமான். லீக் எந்த இடத்தில் என்று தெரியாமல் சொக்கைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது.

முதலில் குளிர்க் கதையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலையில் 20 பாகை, விடியலில் 8 பாகை என்று வையுங்கள். 35 பிஎஸ்ஐ அடைத்த காற்று அந்தக் குளிருக்கு 2 பிஎஸ்ஐ அளவுதான் இறங்கும். உங்களுக்கு 12, 13 போகிறது, ஆகவே குளிர் மட்டும் காரணம் இல்லை. உயரமும் பெரிய விஷயம் இல்லை. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7, நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் அது 12க்குக் கொஞ்சம் குறைவு, அதனால் கொழும்பில் அடித்துக்கொண்டு மேலே வந்தால் கேஜ் 3 கூடக் காட்ட வேண்டும், ஆனால் மேலே வர வர குளிர்ந்து அந்த 3இல் பெரும்பகுதி திரும்பப் போய்விடும்.

அடுத்தது உங்கள் கேஜ். இதைத்தான் முதலில் பாருங்கள். டயர் ஒரு பீப்பா என்றால் இந்தச் சொக்கில் காற்று இருக்கும் இடம் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. டயர் கேஜை வைத்து எடுக்கும்போது 'புஸ்' என்று போகிற காற்று டயருக்கு ஒன்றுமே இல்லை, சொக்கில் அதுவே பல பிஎஸ்ஐ. சைக்கிள் பம்பைக் கழற்றும்போதும் அப்படித்தான். ஆகவே நீங்கள் 35 என்று நினைத்துப் படுக்கப் போகும்போதே உள்ளே 35 இருக்காது. மௌண்டன் பைக் ஃபோர்க்குக்குக் காற்று அடிக்கிற சின்னக் கை பம்ப் ஒன்று வாங்குங்கள், கேஜ் அதிலேயே இருக்கும், வால்வும் டயர் வால்வ் மாதிரிதான், பொருந்தும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: காலையில் திரும்பப் பூட்டும்போது சொக்கின் காற்று பம்ப் குழாயை நிரப்பப் போகும், அதனால் கேஜ் குறைத்துத்தான் காட்டும். எவ்வளவு குறைகிறது என்று தெரிய, 35 அடித்துக் கழற்றி அதே நிமிஷம் திரும்பப் பூட்டிப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவோ அதுதான் உண்மையான லீக்.

அதற்குப் பிறகும் லீக் இருந்தால் சவர்க்காரத் தண்ணீர். வால்வின் வாயில் தடவுங்கள், குமிழி வந்தால் உள்ளே திருகியிருக்கும் சின்ன வால்வ் பின்னை மாற்றினால் போதும், டயர் கடையில் கிடைக்கும். அப்புறம் வால்விலிருந்து இரண்டு சொக்குக்கும் போகிற குழாயின் ஒவ்வொரு இணைப்பும், லைனில் அழுத்தச் சென்சார் இருந்தால் அதன் அடியும். நாற்பது வருஷ ஓ-ரிங் கல்லாகி தட்டையாகிப் போயிருக்கும், நான் பந்தயம் கட்டுவது அங்கேதான். குமிழி சில நேரம் ஊசி முனை அளவில்தான் வரும், டோர்ச் அடித்துப் பொறுமையாகப் பாருங்கள்.

அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் சொக்கின் தண்டைப் பாருங்கள். தண்டில் ஒயில் ஈரம், அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் சீல், அதாவது தண்டைச் சுற்றி ஒயிலையும் காற்றையும் தடுக்கும் ரப்பர், போய்விட்டது. காய்ந்து சுத்தமாக இருந்தால் சொக் பிழைத்தது. பதுளைத் தம்பிக்கும் ஒரு சொல்: வெறும் பைக்கே 260 கிலோவுக்கு மேல், அதற்கு மேல் இரண்டு பேரும் பெட்டியும். சின்னப் பைக்கின் ஸ்பிரிங் அதைத் தாங்காது. நீளம் மாறினால் ஸ்டீயரிங் சாய்வும் பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் மூட்டின் கோணமும் மாறும். மலை ரோட்டில் விளையாடுகிற இடம் இல்லை அது. சரியான எடைக்குச் செய்த சொக் கிடைத்தால் அது வேறு கதை.

கண்டி_டூரர்:

பிட்டர் அண்ணன் சொன்னதோடு இன்னும் இரண்டு விஷயம். பெட்ரோல் செட் கம்ப்ரசரால் சொக்குக்கோ ஃபோர்க்குக்கோ காற்று அடிக்கவே வேண்டாம். கண் மூடித் திறப்பதற்குள் அழுத்தம் எகிறி நல்ல சீலும் கிழிந்துவிடும். இணைப்பைக் கழற்றுவதற்கு முன் வால்வை மெதுவாக அழுத்திக் காற்றை முழுக்க இறக்குங்கள், துணியைப் பிடித்துக்கொண்டு, ஏனென்றால் ஒயிலும் சேர்ந்து பீச்சும்.

இதைப் படிக்கும், பிறகு வந்த கோல்ட்விங்கான ஜிஎல்1500 வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் பைக்கில் வலது சொக்கில் மட்டும்தான் காற்று, இடது வெறும் ஸ்பிரிங், ஆகவே இடது பக்கம் லீக் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதில் பல மொடல்களுக்குப் பைக்கோடு வந்த கம்ப்ரசரும் ஈரம் உறிஞ்சும் டிரையரும் உண்டு. நம் ஊர் மூடுபனியில் அந்த டிரையரில் உள்ள மணிகள் சீக்கிரம் நனைந்துவிடும், பிறகு ஈரம் வால்வுக்கும் பம்புக்கும் போய்த் துரு பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள்.

நானுஓயா_ரைடர்:

அண்ணே, கண்டுபிடித்தாயிற்று! சொன்ன மாதிரி கை பம்ப் எடுத்து, பூட்டிக் கழற்றிப் பார்த்ததில் கேஜே 5 பிஎஸ்ஐ தின்கிறது. மிச்சம் உண்மையான லீக்தான். வால்வில் குமிழி இல்லை. இடது சொக்கில் குழாய் சேரும் இடத்தில் மிகச் சின்னக் குமிழிகள், ஒன்றன் பின் ஒன்றாக. கழற்றினால் ஓ-ரிங் விரலில் நொறுங்குகிறது. இரண்டு சொக்கின் தண்டும் காய்ந்து சுத்தமாக இருக்கின்றன.

பழைய ஓ-ரிங்கை மாதிரிக்குக் கொடுத்து கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து அதே அளவில் எடுப்பித்து லைன் முழுக்க மாற்றிவிட்டேன். இப்போது மாலை 35, காலையில் வித்தியாசத்தைக் கழித்தால் 33. வளைவில் உரசல் இல்லை, மனைவியே வித்தியாசம் தெரிகிறது என்கிறார். முன் ஃபோர்க்கையும் இதே கையோடு பார்க்கலாமா? ஃபோர்க்கின் வலது காலில் லேசாக ஒயில் கசிவு இருக்கிறது.

ஸ்டோர்_பிட்டர்:

மிச்சம் சந்தோஷம் தம்பி. அந்த 2 குளிரின் கணக்கு, அதை விட்டுவிடுங்கள்.

ஒயில் தெரிகிறது என்றால் ஃபோர்க் சீல்தான், தள்ளிப் போடாதீர்கள், கசிகிற ஒயில் கீழே பிரேக் டிஸ்கில் பட்டால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. சீல் மாற்றுவதற்கு முன் ஃபோர்க் குழாயை நகத்தால் தடவிப் பாருங்கள். துருக் குழி இருந்தால் புது சீலையும் அது கிழித்துவிடும், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு காலுக்கும் சீல் ஒன்றாகவே மாற்றுங்கள், நடுவில் இணைக்கும் குழாயின் ஓ-ரிங்குகளையும் சேர்த்து. பூட்டும்போது ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் பூசுங்கள், பிரேக் ஒயில் பூசச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்த வகை ரப்பர் அதில் ஊதிப் போகும். ஒயில் ஏடிஎஃப்தான் (ஒட்டோமெட்டிக் கியர் ஒயில்), அளவை மனுவலில் உள்ளபடி இரண்டு காலுக்கும் ஒரே மாதிரி ஊற்றுங்கள். கூடிவிட்டால் காற்றுக்கு இடம் குறைந்து முன்பக்கம் கல்லாகிவிடும். காற்று அடிக்கும்போது மெயின் ஸ்டாண்டில் ஏற்றி முன் சக்கரம் நிலத்தில் படாமல் வைத்து, எஞ்சின் ஆறின பிறகு அடியுங்கள்.