கோப்பை வாசித்த பிறகு ஹீப் (கேட்கும்போது ஒதுக்கித் தரப்படும் நினைவகப் பகுதி) சிதைவது ஏன்?

திருப்பரங்குன்றம் மாணவன்:
வணக்கம். இறுதியாண்டுச் செயல்திட்டமாக நான் எழுதிவரும் சிறிய இயங்குதளத்தில், ஃபேட்16 என்னும் கோப்பு முறைமை கொண்ட வட்டிலிருந்து 1000 பைட் கோப்பொன்றை வாசித்தால் எழுத்துகள் சரியாகவே வருகின்றன. ஆனால் பின்னர் வேறொரு நினைவகத் துண்டை விடுவிக்கும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் நின்றுவிடுகிறது. 512 பைட் கோப்பில் இச்சிக்கல் இல்லை. விடுவிக்கும் ஃபங்ஷனை இரண்டு நாளாகத் துருவியும் பிழை அகப்படவில்லை.

அண்ணாநகர்வாசி:
தம்பி, அந்த ஃபங்ஷனை விட்டுவிடுங்கள். முன்பே நேர்ந்த சேதத்தை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கோப்பின் அளவுக்கே, அதாவது 1000 பைட் மட்டும், ஒதுக்கியிருப்பீர்கள் என ஊகிக்கிறேன். வட்டு, செக்டர் எனப்படும் 512 பைட் கூறுகளாகவே தரவைத் தருவதால், இரண்டு செக்டர்களுக்கு 1024 பைட் எழுதப்பட்டு, மிகுந்த 24 பைட் அடுத்த துண்டின் அளவு முதலிய குறிப்புகள் உள்ள தலைப்பகுதியை அழித்துவிடுகிறது. ஒதுக்கும் அளவை அடுத்த 512-இன் மடங்குக்கு உயர்த்துங்கள். உரையின் முடிவில் சுழியம் பைட் தேவையெனில், உயர்த்துவதற்கு முன்பே ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் இன்று ஒழுங்காக இருக்கும் 512 பைட் கோப்பே நாளை உங்கள் காலை வாரிவிடும்.

மேலூர்க்காரன்:
உறுதிசெய்ய, கியூஇமு என்னும் கணினிப் போலியாக்கியில் ஓட்டி, அத்தலைப்பகுதியின் முகவரிக்கு ஜிடிபி என்னும் பிழைத்திருத்தியில் வாட்ச்பாயின்ட் (அம்முகவரியில் எழுதப்படும்போது ஓட்டத்தை நிறுத்தும் கண்காணிப்பு) வையுங்கள். டிஎம்ஏ வழியே, அதாவது வட்டுச் சாதனமே நேராக நினைவகத்தில் எழுதும் முறையில், வாசித்தால் வாட்ச்பாயின்ட் நிற்காது. அங்கே எழுதுவது பிராசஸர் அல்லவே.

திருப்பரங்குன்றம் மாணவன்:
நன்றி, அண்ணன்களே. நான் டிஎம்ஏ பயன்படுத்தவில்லை. செக்டரை வாசிக்கும் லூப்பிலேயே வாட்ச்பாயின்ட் நின்றது. 1024 ஒதுக்கியதும் கெர்னல் தடையின்றி ஓடுகிறது.