மறு: ‘ஷிஷி சியூஷி’ முழக்கத்துக்குத் தமிழ்ச்சொல்

> ‘உண்மைகளிலிருந்து உண்மையைத் தேடுதல்’ என்றே இருக்கட்டுமே. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வணக்கம்.

சீனப் பொதுவுடைமைக் கட்சியின் ‘ஷிஷி சியூஷி’ முழக்கத்தைப் பலரும் அப்படி எழுதுகிறார்கள், ஆனால் படிப்பவருக்கு விளங்குவதில்லை. முதலில் வரும் ‘உண்மை’ கண்ணெதிரே இருப்பது. அடுத்தது அதை ஆராய்ந்து எட்டும் முடிவு. சீனத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்துகள்.

இத்தொடர் கட்சிக்காரர்கள் ஆக்கியதன்று. முதலாம் நூற்றாண்டில் பான் கூ எழுதிய ‘ஹான் வரலாறு’ ஹேஜியான் இளவரசர் லியூ டேயை இப்படிப் பாராட்டுகிறது. யாரிடமாவது நல்ல சுவடி கிடைத்தால் அவர் அதைச் செம்மையாகப் படியெடுப்பார். படியை உடையவரிடம் கொடுத்துவிட்டு மூலத்தைத் தாம் வைத்துக்கொள்வார். அதற்கு ஈடாகப் பொன்னும் பட்டும் வழங்குவார். பிழையற்ற பாடத்துக்காக அவ்வளவு பாடு! சிங் அரசமரபுக் காலச் சுவடி ஆய்வாளர்களும் அந்த வழியிலேயே இத்தொடரைப் போற்றினார்கள்.

1941இல் கட்சியின் அப்போதைய தளமான யெனானில் அதன் தலைவர் மாவோ புதுவிளக்கம் தந்தார்: ‘ஷிஷி’ புறத்தே உள்ள பொருள்கள் எல்லாம், ‘சியூ’ ஆராய்தல், இறுதி ‘ஷி’ அப்பொருள்களின் உள்ளுறவு, அதாவது அவை இயங்கும் விதி.

மாவோ மறைந்தபின், அவர் எடுத்த முடிவு எதுவானாலும் காப்போம், இட்ட கட்டளை எதுவானாலும் பின்பற்றுவோம் என்று 1977 பிப்ரவரியில் தலையங்கம் வந்தது. மாவோவுக்குப்பின் கட்சித் தலைவரான ஹுவா குவோஃபெங் தரப்பின் நிலைப்பாடு அது. மாவோவைப் பழிக்காமல் அதை எதிர்க்க கட்சியின் மற்றொரு தலைவரான டெங் சியாவோபிங்குக்கு மாவோவே வலியுறுத்திய இத்தொடர் கைகொடுத்தது. 1978 ஜூனில் படையின் அரசியல் பணி மாநாட்டிலும், டிசம்பர் 13 உரையிலும் இதையே முன்வைத்தார். சீர்திருத்தத்துக்கு வழி திறந்தது இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையிலான விவாதம்தான். ஆகவே நம் சொல்லில் ‘ஆராய்தல்’ விடுபடவே கூடாது.

குழுவில் வந்த ‘மெய்ப்பொருள் காணல்’ செவிக்கு இனிது. ஆனால் ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்ற குறள் கேட்ட சொல்லிலிருந்து தொடங்குகிறது. இங்கே தொடக்கம் இருக்கும் நிலைமை. மேலும், மெய்ப்பொருள் என்றாலே நமக்குச் சமயத் தத்துவம்தான் நினைவுக்கு வரும்.

‘நடப்பறிந்து உண்மை காணல்’ டெங்குக்குப் பொருந்தும், லியூ டேயின் சுவடிகளுக்குப் பொருந்தாது.

என் பரிந்துரை: உள்ளது ஆய்ந்து உண்மை காணல். லியூ டே, மாவோ, டெங் ஆகிய மூவர் காலத்துக்கும் இது பொருந்துகிறது. பிரித்தே எழுத வேண்டும். ‘உள்ளதாய்ந்து’ என்று சேர்த்தால் ‘உள்ளதாய்’ என்று கண் இடறும்.

1988இல் தொடங்கிய கட்சி இதழை ‘சியூஷி’ என்றே விட்டுவிடலாம், அது இடுபெயர். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் இதையே கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன்.