90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, அவசர உதவி தேவை

வழிப்போக்கன்: நண்பர்களே, கார் 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) எல்லாம் செய்தாயிற்று, பிரயோஜனமில்லை. என்ன காரணம்? குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸ்: என்ன கார்? எவ்வளவு ஓடியிருக்கிறது? டயர் எவ்வளவு பழசு? பிரேக் பிடிக்கும்போது உதறுகிறதா, சும்மா போகும்போதா? ஒன்றுமே சொல்லவில்லையே.

அச்சாணி: பிரேக் டிஸ்க்தான், சந்தேகமே வேண்டாம். என் வண்டியிலும் இதே கதை. டிஸ்க் மாற்றியதும் போய்விட்டது.

நட்டுபோல்ட்டு: பிரேக்கைப் பற்றி அவர் எங்கே சொன்னார்? டிஸ்க்கின் கனம் சீராக இல்லையென்றால் பிரேக்கை மிதிக்கும்போதுதான் உதறும். அரிச்சுவடி இது. அலைன்மென்ட்டுக்கும் உதறலுக்கும் சம்பந்தமில்லை. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், அவ்வளவுதான். இங்கேயுள்ள பழைய பதிவுகளைத் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். பேலன்சிங் சரியாகச் செய்திருக்க மாட்டார்கள். மறுபடி செய்யுங்கள்.

மழைத்துளி: இதையே கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாமே சார். வழிப்போக்கன், கூட்டமில்லாத நேரான சாலையில், உதறல் வரும் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். எடுத்ததுமே நின்றால் உள்பக்க சிவி ஜாயின்ட்டை (இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் மூட்டு) சந்தேகப்படலாம். வேகம் குறையக் குறையத்தான் அடங்குகிறது என்றால் டயர், ரிம், ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பக்கம் தேட வேண்டும். கையில் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம். டயரின் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். எங்காவது புடைத்திருந்தால் அந்த டயரோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது.

வழிப்போக்கன்: பிரேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒன்றுதான். காலை எடுத்தாலும் நிற்கவில்லை. 90 முதல் 110 வரை மோசம், அப்புறம் கொஞ்சம் குறைகிறது. புடைப்பு இல்லை. வேறு கடையிலும் பேலன்சிங் பார்த்தேன், மிஷின் பூஜ்யம் காட்டுகிறது. டயர் புதுசு.

அச்சாணி: அப்போ டை ராட் எண்டு, அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை.

நட்டுபோல்ட்டு: தேய்ந்த டை ராட் எண்டு, பால் ஜாயின்ட் மாதிரி மூட்டுகளெல்லாம் இருக்கிற உதறலைப் பெரிதாக்கும். தானாக இப்படி ஒரு உதறலைக் கிளப்பாது.

கியர்பாக்ஸ்: 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14, 15 தடவை சுற்றும். சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் வரும். அதனால்தான் சின்ன குறைகூட அங்கே பெரிதாகத் தெரிந்து, தாண்டியதும் அடங்குகிறது. முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் கையை விட்டுச் சீட்டுக்குப் போனால் சக்கரத்தில்தான் கோளாறு.

வேகத்தடை: புது டயரைப் பின்னால் போடச் சொல்கிறீர்களா? இழுப்பது, திருப்புவது, பிரேக் பிடிப்பது எல்லாம் முன் டயர்தானே?

மழைத்துளி: நல்ல டயர் பின்னால்தான் இருக்க வேண்டும். மழையில் முன் டயர் பிடி விட்டால் ஸ்டியரிங்கிலேயே தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின் டயர் விட்டால் வண்டி சுழன்றுவிடும். டயர் கம்பெனிகளே இரண்டு மட்டும் மாற்றினால் பின்னால் போடச் சொல்கிறார்கள்.

வேகத்தடை: டயர் விற்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்? முன்னால் சீக்கிரம் தேய்ந்தால் அவர்களுக்குத்தானே வியாபாரம்.

வழிப்போக்கன்: நாலு டயரும் புதுசுதான்.

வேகத்தடை: இருக்கட்டும், பொதுவாகச் சொல்கிறேன்.

கறுப்புக்கல்: நாலு டயரும் புதுசு என்றால், ரிம்மையும் மாற்றினீர்களா?

வழிப்போக்கன்: ஆமாம், அலாய் ரிம் போட்டேன். டயர் அதோடு வந்ததுதான். உதறல் அதற்கு அப்புறம்தான். ஏன்?

கறுப்புக்கல்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வெளியில் வாங்கும் அலாய் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் நடு ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். உங்கள் ஹப் அதைவிடச் சின்னதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு ரிங் வேண்டும். இல்லையென்றால் சக்கரம் மயிரிழை தள்ளி உட்காரும். பேலன்சிங் மிஷினில் சக்கரத்தைக் கூம்பு வைத்து நடுவில் பிடிப்பதால் அங்கே பூஜ்யம்தான் காட்டும். காரில் மாட்டினால் உதறும்.

நட்டுபோல்ட்டு: கூம்பு நட்டே ரிம்மை நடுவில் உட்கார வைக்கும். ரிங் எல்லாம் கடைக்காரன் வருமானத்துக்கு.

கறுப்புக்கல்: சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, எதிரெதிர் நட்டாகக் கையால் முறுக்கிக்கொண்டு வந்தால் உட்காரலாம். கடையில் இம்பாக்ட் கன்னை (நட்டு முடுக்கும் மிஷின்) வைத்து முதல் நட்டை ஒரேயடியாக இறுக்கிவிடுகிறார்களே, அப்புறம் எங்கே உட்காருவது? வழிப்போக்கன், ரிம்மைக் கழற்றி ஹப்பின் வெளி விட்டத்தையும் ரிம் ஓட்டையின் விட்டத்தையும் அளந்து, அதற்கேற்ற ரிங் வாங்குங்கள். ஹப் முகத்தில் துரு, மண் இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

வழிப்போக்கன்: ரிங் போட்டாயிற்று. 110 வரை கல் மாதிரி நிற்கிறது. கிளம்புகிறோம், நன்றி.

அச்சாணி: எதற்கும் டிஸ்க்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ்: 100 கி.மீ. ஓடியதும் ஓரமாக நிறுத்தி, நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்) மறுபடி சரிபாருங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது காரின் கையேட்டில் இருக்கும்.

வேகத்தடை: மழைத்துளி, பின்சக்கர டிரைவ் வண்டியிலும் நல்ல டயர் பின்னால்தானா?